நின்ற இடத்திலேயே ஓடிய வண்டி

போன மாதம் என் மருமகன் ஒரு மின்சாரக் கார் வாங்கினார். சாவி வாங்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். முப்பத்திரண்டு வருஷம் கார் ஒர்க்‌ஷாப்பில் குப்பை கொட்டியவன், அதில் கடைசி இருபது வருஷம் புது வண்டிகளை டெலிவரி கொடுத்தவன், மாமனார் கண்ணுக்கு எந்தக் குறையும் தப்பாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கோ பானெட்டைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு தடவை வண்டியைச் சுற்றி வந்தேன்.

டெலிவரி கொடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினாள். அவள் முடித்ததும், நான் வாய் சும்மா இராமல் இதற்கு ரன்னிங்-இன் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் பழக்கி ஓட்டுவது என்று விளக்கினேன். அவள் சிரித்தாள். "இதுல எஞ்சினே கிடையாதே அங்கிள். இன்னைக்கே கன்னியாகுமரிக்கு மிதிச்சிட்டுப் போகலாம்" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நான் இருபது வருஷம் பேசிய பேச்சை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டி சத்தமே போடவில்லை. சன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டங்கள் தாமாக நகர்ந்து போயின. அந்த அமைதியில் கண் சொக்கியது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த நேரத்தில், மேலப்பாளையத்து மைதீன் பாய் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. பழைய ஒர்க்‌ஷாப் சகாக்களின் போன் குழுவில் இதை இரண்டு வரி எழுதினேன். முழுதாக எழுதுமய்யா என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன்.

நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தவன். பிறகு ஜங்ஷன் பக்கம் லாரிப் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் கிரீஸில் புரண்டேன். அதற்குப் பிறகு பைபாஸில் இருந்த கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கையில் வேலை சுமார்தான், வாயில் வேலை நன்றாக வரும் என்று கண்டுபிடித்து என்னை டெலிவரிக்கு மாற்றியவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் தேவசகாயம் சார். இதை அவர் புகழ்ச்சியாகச் சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தேவசகாயம் சார் பாளையங்கோட்டைக்காரர். உரத்துப் பேச மாட்டார். காலையில் இரண்டு கைக்குட்டைகளோடு வருவார், இரண்டும் வெள்ளை. வலது பையில் இருப்பது முகத்துக்கு, இடது பையில் இருப்பது எண்ணெய் அளவு பார்க்கிற ஆயில் குச்சிக்கு. குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் ஒற்றி, அந்தக் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வண்டிக்காரரிடம் பேச்சு. ஒரு நாள் பெரிய புள்ளி ஒருவரின் முன்னால் கைக்குட்டை மாறிப்போய், நெற்றியில் கறுப்புப் பட்டை தீட்டிக்கொண்டு பத்து நிமிஷம் கம்பீரமாகப் பேசினார். அதைச் சொல்ல எங்களில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வண்டி கெட்டு வந்தால், யார் கெடுத்தார் என்று பேசக்கூடாது. "வண்டிக்கு என்ன நடந்துதுன்னு கேளும் வே. நீர் என்ன செஞ்சீர்னு கேக்காதேயும். அப்பத்தான் அவர் வாயால உண்மை வரும்" என்பார். ஜாப் கார்டில் குறைக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதை அவர் மட்டும்தான் நிரப்புவார். வேறு யாரும் பேனாவைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

ரன்னிங்-இன் பற்றியும் அவர்தான் எனக்கு உருப்போட வைத்தார். புது எஞ்சினின் சிலிண்டர் சுவர் வழவழப்பாக இருக்காது. பத்தமடைப் பாயின் பின்னல் மாதிரி, குறுக்கும் மறுக்குமாகக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கீறல்களைப் போட்டுத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புவார்கள். உள்ளே மேலும் கீழும் போகிற பிஸ்டனின் வளையங்கள் அந்தக் கீறல்களில் உரசி உரசித் தமக்கேற்ற இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்துவிட்டால் வண்டி இரண்டு லட்சம் ஓடும். உட்காராமல் போனால் எண்ணெய் மேலேறி எரிந்து நீலப் புகை தள்ளும். உட்காருவதும் உட்காராததும் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும்.

இதற்கு ஆறு வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்தார். எழுபதைத் தாண்டாதீங்க. ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாதீங்க, கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்க. ஆட்களை அடைக்காதீங்க. பெரிய கியரில் திணற விடாதீங்க. நிறுத்தி வைத்து எஞ்சினை நெடுநேரம் ஓட விடாதீங்க. ஆயிரத்தில் ஆயில் மாற்ற வாங்க. இவ்வளவுதான்.

எங்கள் சனங்கள் இதைக் கேட்ட அழகைச் சொல்ல வேண்டும். நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிய கையோடு, பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு குலசேகரன்பட்டினத்துக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்பிவிடுவார்கள். ஆட்களை அடைக்காதீங்க என்று சொன்னால், அதில் நாலு பேர் சின்னப் பிள்ளைகள்தானே அண்ணாச்சி என்பார்கள். இன்னொரு பக்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். எழுபதைத் தாண்டாதீங்க என்றதை அவர் பத்திரத்துக்கு நாற்பதாக்கிக்கொண்டு திசையன்விளை வரை போனார். பின்னால் பஸ், மீன் லாரி, கல்யாண வேன் எல்லாம் ஊர்வலமாக வந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்த அவர் மனைவி முள்ளைப் பார்த்து நாற்பத்தி ஒண்ணு, நாற்பத்தி ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே வந்ததாகப் பெருமையோடு என்னிடம் சொன்னார்.

வருஷங்கள் போகப் போக என் ஆறு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. நிறுத்தி வைத்து ஓட விடாதீங்க என்பதை விட்டுவிட்டேன். பெட்ரோல் விற்கிற விலையில் நம்ம ஊரில் எவன் நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விடப்போகிறான் என்று எனக்கு ஒரு எண்ணம். பேச்சு சுருங்கினால் டீ குடிக்க ஐந்து நிமிஷம் மிச்சம்.

செய்யது வண்டி எடுத்தது அந்தக் காலத்தில்தான். பதினைந்து வருஷம் இருக்கும். சவூதியில் வேலை. இரண்டு மாத லீவில் வந்தவன், கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது வண்டியை எடுத்தான். இன்னும் பத்து மாதத்தில் அங்கே கணக்கை முடித்துக்கொண்டு வந்து, இந்த வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்வதாகத் திட்டம். கூடவே அவன் வாப்பா மைதீன் பாய். எழுபதைத் தாண்டியவர், கைத்தறி நெய்து ஓய்ந்தவர், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. வண்டியைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு செய்யது ஒன்று கேட்டான். வீட்டில் ஓட்டத் தெரிந்த ஆள் கிடையாது, பத்து மாதம் வண்டி சும்மா நின்றால் கெட்டுப்போகாதா என்றான். மணி ஒன்று. எனக்குப் பசி. நான் அவன் வாப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "தினமும் ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிடுங்க பாய். ஒண்ணும் ஆகாது." சாவியைத் திருப்பவும் நிறுத்தவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை செய்து காட்டிவிட்டுத்தான் போனார்.

ஒன்பது மாதம் கழித்து அந்த வண்டி வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஓட்டிவர, மைதீன் பாய் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை அடிக்கிறது என்று மருமகள் போட்ட சண்டைதான் அவர்களை அனுப்பியிருக்கிறது. வண்டியைப் பார்த்தால் அன்றைக்குக் கொடுத்தது போலவே இருந்தது. டயரில் புது ரப்பர் முடி உதிரவில்லை. சீட்டில் பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. கிலோமீட்டர் இருநூற்றிப் பன்னிரண்டு. ஆனால் வாசலில் நின்ற இரண்டு நிமிஷத்தில் ஷெட்டு முழுக்க நீலப் புகை மூட்டம் போட்டுவிட்டது.

தேவசகாயம் சார் இடது பைக் கைக்குட்டையை எடுத்தார். குச்சியில் எண்ணெய் அரை அளவுதான், கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, பெட்ரோல் வாடை வேறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். நாலும் எண்ணெயில் குளித்திருந்தன. அழுத்தம் பார்க்கிற கருவியை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தோம். இரண்டில் இருக்க வேண்டியதில் முக்கால் பங்குதான் காட்டியது. ஒரு ஸ்பூன் எண்ணெயை உள்ளே விட்டு மறுபடி பார்த்தால் முள் ஏறியது. அப்படி ஏறினால் வளையம் உட்காரவில்லை என்று அர்த்தம்.

சார் பெஞ்சில் பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வண்டிக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். பாய்க்குச் சொல்வதில் சந்தோஷம். தன் காவலைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போலச் சொன்னார். தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்வாராம். பொழுது அடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது நிறுத்துவாராம். ஒரு நாள் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து போட்டாராம். பெட்ரோலைக் கேனில் வாங்கி ஊற்றியிருக்கிறார். நல்ல வேளை, வண்டி நின்றது மூன்று பக்கமும் திறந்த கொட்டகையில்.

அந்த நேரம்தான் செய்யதுக்கு அங்கே சாப்பாட்டு இடைவேளை. அவன் போன் செய்வான், பாய் பானெட்டுக்குப் பக்கத்தில் போனைப் பிடிப்பார். கொஞ்சம் கேட்டுவிட்டு அவன் சாப்பிடப் போவான். "வண்டிச் சத்தம் கேட்டாத்தான் சோறு இறங்குதுங்கான்" என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்தி, எத்தனை நாளில் வண்டி சரியாகும் என்று கேட்டார். "பன்னெண்டு நாள்ல அவன் அங்கன சொல்லணும், இருக்கானா வாரானான்னு. வண்டியில ஒரு கொறைன்னு அவன் காதுல விழுந்தாப் போதும். அதைச் சரி பண்ணணும்னு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருவான். நான் அதுவரைக்கும் இருப்பனான்னு தெரியாது தம்பி."

அசருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒன்றரை இரண்டு மணி நேரம். நான் கொஞ்ச நேரம் என்று சொன்னதை அவர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார். சுமையே இல்லாமல் சும்மா சுற்றிய எஞ்சினில் வளையம் சுவரை அழுத்தாது. அந்தப் பத்தமடைப் பாய்ப் பின்னல் கீறல்களில் எரிந்த எண்ணெய் படிந்து படிந்து சுவர் கண்ணாடியாகிவிட்டிருக்கும். ஒன்பது மாதம் ஒரு மனிதர் கண்ணும் கருத்துமாகச் செய்த காவல் வண்டியைத் தின்றுவிட்டது.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டெலிவரி அன்னைக்கு நீர் என்ன சொன்னீர், நயினார்?" என்றார். சொன்னேன். ஐந்தாவது வாக்கியத்தை விட்டதையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. எஞ்சினைப் பிரித்தால் சாமான்கள் வந்து சேர ஒரு மாதம் ஆகும், அதற்குள் பையன் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று தமக்குள் பேசுவது போலச் சொன்னார். பிறகு, "கண்ணாடி இன்னும் முத்தியிருக்காது. சுமையோட மலையில ஏத்திப் பாரும். பத்து நாள் பாப்போம். தேறலைன்னா பிரிப்போம்" என்றார். ஜாப் கார்டில் காரணம் என்ற கட்டத்தில், வண்டி சாலையில் ஓடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாயிடம் என்ன சொல்வது என்று எனக்கு ஒரே கலக்கம். புது வண்டிக்குப் பழக்கம் வேண்டும், பத்து நாள் ரோட்டில் ஓட்டிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். உங்கள் கையால் கெட்டது என்று சொன்னால் அவர் ஒடிந்துபோவார், அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வார்த்தையால் கெட்டது என்று சொல்ல எனக்குப் பயம். அவர் தலையாட்டினார். "எம் மவன் வண்டி. நானும் வாரேன்" என்றார்.

நான் லீவு போட்டேன். புது எண்ணெய் ஊற்றி, உர மூட்டைச் சாக்குகளில் மணல் கட்டிப் பின் சீட்டில் நாலு மூட்டை வைத்தோம். அந்தப் பிளாஸ்டிக் உறை அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. பாய் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். புகை அவர் கண்ணில் படக்கூடாது என்று நடுக் கண்ணாடியை என் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பத்து நாளும் எனக்கு இப்போது நினைத்தாலும் கனவு மாதிரிதான் வருகின்றன. காலையில் மேலப்பாளையத்தை விட்டால், பத்தமடை, சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று வண்டி மேற்கே போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் நாற்று. ஆறு ஒரு வளைவில் தெரியும், தென்னைகளுக்குப் பின்னால் போய்விடும், நாம் மறந்த பிறகு இன்னொரு வளைவில் பக்கத்திலேயே வந்து நிற்கும். மலை முதலில் வானத்தோடு வானமாக இருக்கும். அம்பாசமுத்திரம் தாண்டியதும் அதற்கு மரங்கள் முளைக்கும்.

என் கால் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து எழுபது வரை அழுத்தி மிதிப்பேன். அந்த அழுத்தத்தில்தான் வளையம் விரிந்து சுவரைப் பிடிக்கும். பிறகு காலை அப்படியே எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல் வண்டியைத் தானாக நாற்பதுக்கு இறங்க விடுவேன். அப்போது சுவரில் புது எண்ணெய் ஏறித் தேய்ந்த தூளைக் கழுவும். மறுபடி மிதி, மறுபடி விடு. பாபநாசத்திலிருந்து மேலே அணைக்கு ஏறுகிற மலைப்பாதையில் முழு ஏற்றமும் இழுக்க வைப்பேன். இறங்கும்போது சின்ன கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும். அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும்போது நடுக் கண்ணாடியைப் பார்ப்பேன். முதல் நாள் பின்னால் ரோடே தெரியவில்லை.

பாய் பேசவே மாட்டார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "புதுத் தறியும் இப்படித்தான் தம்பி. மொதப் பாவு நூலு இழுத்துப் பிடிக்கும். அடிச்சு அடிச்சுத்தான் பழக்கணும்" என்றார். பாபநாசத்தில் ஆற்றில் இறங்கி முகம் கை கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் படியிலேயே துண்டை விரித்து அசர் தொழுதார். தண்ணீர் கல்லில் மோதி வெள்ளையாக ஓடியது. "நம்ம ஊர்ப் பாலத்துக்கு அடியில போறதைத்தான் எழுபது வருசமாப் பாத்திருக்கேன். இங்கன இது வேற ஆளால்லா இருக்கு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் வெட்கம் இருந்தது.

அங்கேதான் செய்யதுடைய போன் வந்தது. பாய் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரு நிமிஷம் எஞ்சினைப் போட்டுக் காட்டினோம். என்ன வாப்பா, கூட ஏதோ தண்ணிச் சத்தம் கேட்கிறது என்றான் அவன். பக்கத்தில் தண்ணி ஓடுது என்றார் பாய். குழாயில் தண்ணி வருதாக்கும் என்று அவன் கேட்க, ஆமா, இன்னைக்கு நல்லா வருது என்றார். பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வித்தை தெரியும் என்று நினைத்திருந்தேன், அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

நாலு நாள் மலை ஏறியும் புகை பெரிதாகக் குறையவில்லை. ஐந்தாம் நாள் காலை ஆயில் குச்சியைப் பார்த்தேன், எண்ணெய் மறுபடி இறங்கியிருந்தது. செய்யது சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மலை போதும் என்று தெற்கே திருப்பினேன். கூடங்குளம் பக்கம் காற்றாடிகள் நடுவே எதிர்காற்றில் வண்டியை இழுக்க வைத்தேன். திசையன்விளைச் செம்மண் தேரி மேடுகளில் ஏற்றி இறக்கினேன். குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் நிறுத்தி எஞ்சின் ஆறும் வரை இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம். சவூதி எந்தத் திசை என்று கேட்டார். இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இல்லை பாய், நமக்கு முதுகுப் பக்கம் என்றேன். அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஏழாம் நாள் மறுபடி மலைக்கே திரும்பினோம். பாபநாசம் இறக்கத்தில், அடிவாரத்தில் மிதித்தபோது கண்ணாடியில் ரோடு தெரிந்தது. வெறும் ரோடு, பின்னால் வருகிற ஒரு பால் வண்டி, அதற்குப் பின்னால் மலை. நான் நம்பாமல் மறுபடி ஏறி மறுபடி இறங்கினேன். இல்லை, புகை இல்லை. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பாய்க்குத் தெரியக்கூடாதே என்று இருமினேன். அவர் தன் பக்கத்துச் சன்னலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

பத்தாம் நாள் ஒர்க்‌ஷாப்பில் அழுத்தம் பார்த்தோம். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுபோல நின்றன. சார் குச்சியைக் கைக்குட்டையில் ஒற்றிப் பார்த்தார். தேன் நிறம். மடித்து இடது பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வாரும்" என்றார்.

மேலப்பாளையத்தில் கொட்டகையில் வண்டியை விட்டேன். பாய் தொழப் போனார். நான் மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. வண்டியைப் போடுங்க வாப்பா என்று செய்யதுடைய குரல் கேட்டது. நான் சாவியை நீட்டினேன். பாய் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"போட மாட்டேம்லே" என்றார். "வண்டியை நான் கெடுத்துட்டேன். ஒம்பது மாசம் நின்ன எடத்துலயே ஓடவிட்டுக் கெடுத்துட்டேன். நீலப் புகையாத் தள்ளிச்சு. ஒர்க்‌ஷாப் தம்பிதான் மலையிலயும் தேரியிலயும் ஏத்திச் சரி பண்ணியிருக்கார். நான் பாக்கக் கூடாதுன்னு நடுக் கண்ணாடியைத் திருப்பி வச்சுக்கிட்டார். எம் பக்கத்துல ஒரு கண்ணாடி இருக்குல்லா, அதுல நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். ஏழாம் நாள் புகை நின்னுட்டு."

எனக்கு மூட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. இடது பக்கக் கண்ணாடியை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. போனில் தட்டுகள் உரசுகிற சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன.

"இனிமே இதை நிறுத்தி வச்சு ஓடவிடக் கூடாது" என்றார் பாய். "ரோட்டுலதான் ஓடணும். எனக்கு ஓட்டத் தெரியாது. சத்தம் கேக்கணும்னா நீ வாலே."

தட்டுச் சத்தம் தள்ளிப் போய், அவன் குரல் கிட்டே வந்தது. "நாளைக்குத்தான் வாப்பா சொல்லணும். கையெழுத்துப் போடலை. வாரேன்."

பாய் போனைச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. முழுப் பழியையும் அவர் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டதை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் வேலைக் காலத்தில் நான் வெட்கப்பட்ட நாள் அது ஒன்றுதான். மணல் சாக்குகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

ஒன்றரை மாதத்தில் செய்யது வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். இளைத்திருந்தான், கறுத்திருந்தான். இனிமேல் எப்படி ஓட்ட வேண்டும், முதலிலிருந்து சொல்லுங்க அண்ணாச்சி என்றான். மைதீன் பாய் முன் சீட்டில் இருந்தார். நான் ஆறு வாக்கியங்களையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஐந்தாவதை இரண்டு தடவை சொன்னேன். அதற்குப் பிறகும் அவன் கிளம்பாமல் நிற்க, எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"வண்டியைக் கெடுத்தது உங்க வாப்பா இல்லை, தம்பி. கொஞ்ச நேரம் ஓடவிடுங்கன்னு அவர்கிட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

செய்யது திரும்பி வாப்பாவைப் பார்த்தான். அவர் இடது பக்கக் கண்ணாடியைக் கைத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்குத் தெரியாதாலே" என்றார். "கொஞ்ச நேரம்னா எத்தனை நிமிசம்னு இப்பவாவது சொல்லச் சொல்லு."